கையொப்பம் இடுமுன்

(கோலார் தங்கவயலில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அயல்நாடுகளிலுள்ள பன்னாட்டுப் பள்ளிகளில் ஆசிரியப் பணி பெறுவது எவ்வாறு என்பதுபற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எங்களைப் பணித்தார்கள். ‘எங்களை’ என்று பன்மையிற் சொல்வது மேடை மரபு கருதியன்று. கணவன் மனைவியாகிய நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். ஒருவர் இயற்பியல் கற்பிப்பவர். மற்றவர் ஆங்கிலமும் தமிழும் கற்பிப்பவர். 2011 முதல் 2022 வரை பதினோர் ஆண்டுகள் கடல் கடந்து பணியாற்றித் திரும்பியிருக்கிறோம். பேசும் வாய் ஒன்றாயினும், சொல் இருவருக்கும் உரியது.

இப்பொருள் இவ்வூருக்கு ஏன் தேவை என்று சிலர் எண்ணக்கூடும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குக் கால்வைத்த பின்னர், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் நம் முன்னோர் இந்த வயலுக்கு வந்து சேர்ந்தனர். அவர்கள் விண்ணப்பம் எழுதி வேலை பெற்றவர்கள் அல்லர். ஒப்பந்தக்காரர் அழைத்தார், வந்தனர். கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்பவற்றை எழுத்திற் கண்டவர் மிகச் சிலரே. 1930-இல் தொழிலாளர் அனைவருடைய கைரேகையையும் பதிவு செய்யக் கம்பெனியார் முற்பட்டபோது, அதனை இழிவெனக் கருதி அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். எழுத்தறியாதவர் பலராயினும், தம் பெயரில் எவர் எதைப் பதிகின்றார் என்று கேட்கும் மானம் அவர்களுக்கு இருந்தது.

அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்திற்குக் கூண்டில் இறங்கியவர்களின் பிள்ளைகள், அன்று முதல் மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் ஊர்காமிலும் கோரமண்டலிலும் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்குச் செல்லலாயினர். அந்த இரயிலில் பி.எட். படித்த நம் பெண்கள் எத்தனை பேர்! காலையில் இருளில் புறப்பட்டு, இரவில் இருளில் திரும்பி, தனியார் பள்ளி கொடுக்கும் சிறு ஊதியத்தில் இரயில் சீட்டுக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டு வீட்டை நடத்துகிறார்கள். அவர்களிடம் ஒருவர் வந்து, ‘வெளிநாட்டுப் பள்ளியில் வேலை வாங்கித் தருகிறேன்’ என்றால் நெஞ்சு அசையாதிருக்குமா? எங்கள் நெஞ்சும் அசைந்தது. அதனை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் ஏமாந்த கதை

2004-ஆம் ஆண்டு. ஒரு தரகர் எங்களிருவருக்கும் வளைகுடா நகரம் ஒன்றில் பள்ளி வேலை உறுதி என்றார். 1,60,000 ரூபாய் கேட்டார். சுரங்கம் மூடியபோது தந்தையார் பெற்ற தொகையில் எஞ்சியிருந்ததை அவர் எடுத்து நீட்டினார். போதாத பணத்திற்கு நகைகள் அடகுக் கடைக்குச் சென்றன. மண்ணுக்கடியில் தங்கம் எடுத்த குடும்பத்தில் இருந்த சிறிதளவு தங்கமும் அன்று வீட்டைவிட்டுப் போயிற்று.

அங்குச் சென்று இறங்கிய பின்னரே, எங்கள் கையிலிருந்தது வேலைக்குரிய விசா அன்று, பார்வையாளர் விசா என்பதை உணர்ந்தோம். பள்ளி என்று காட்டப்பட்டது, மாலையில் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லும் இரண்டு அறைகள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டனர். சம்பளம் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று மூன்று மாதம் சென்றது. விசா முடியும் தறுவாயில், உடன் தங்கியிருந்த அன்பர்கள் பயணச் சீட்டுக்குப் பணம் திரட்டிக் கொடுத்ததால் ஊர் திரும்பினோம். வங்காரப்பேட்டையில் இறங்கி, மாரிக்குப்பம் இரயிலுக்குக் காத்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தந்தையார் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘படித்தவர்கள்தாமே, அந்தக் காகிதத்தை நீங்கள் படிக்கவில்லையா?’

அக்கேள்விக்கு அன்று எங்களிடம் விடை இல்லை. இன்றைய உரை முழுவதும் அதற்கு விடை என்றே கொள்ளுங்கள்.

படித்தவருக்குக் காவல் குறைவு

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, அரசிடம் பதிவு பெறாத எவரும் அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கக் கூடாது. பதிவு பெற்ற முகவரும் 30,000 ரூபாய்க்கும் அதற்குரிய வரிக்கும் மேல் கட்டணம் வாங்குதல் விதிக்கு மாறானது. பதிவு பெற்றவர் யார் என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் எவரும் பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டு அரசும் 1978-இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றைச் சென்னையில் நிறுவியிருக்கிறது. அரசே நடத்தும் இத்தகைய வாயில்களை முதலில் தட்டிப் பார்ப்பது நன்று.

இன்னொரு செய்தியைப் பலர் அறியார். பத்தாம் வகுப்புத் தேறாத தொழிலாளி வளைகுடா முதலிய சில நாடுகளுக்குச் செல்வதாயின், அவருடைய ஒப்பந்தத்தைக் குடிபெயர்வோர் காப்பாளர் பார்த்து இசைவு தரவேண்டும். செவிலியரையும் 2015-இல் அரசு அக்காவலுக்குள் கொண்டுவந்தது. பட்டம் பெற்ற ஆசிரியருக்கோ அந்த இசைவு தேவையில்லை. ‘இவர் படித்தவர், தம்மைத் தாமே காத்துக்கொள்வார்’ என்பது சட்டத்தின் எண்ணம். ஆதலின் கொத்தனாரின் ஒப்பந்தத்தை ஓர் அதிகாரி படிக்கிறார். ஆசிரியையின் ஒப்பந்தத்தை ஆசிரியையே படித்தாக வேண்டும். நாங்கள் படிக்கவில்லை, விழுந்தோம்.

எத்தகைய பள்ளிகள்?

ஆசிரியர் கடல் கடப்பது புதிதன்று. 1941-இல் இத்தாலியர் பிடியிலிருந்து விடுபட்ட எத்தியோப்பியாவில் பேரரசர் ஹெயிலி செலாசி கல்வியை மீண்டும் எழுப்ப முனைந்தபோது, இந்தியாவிலிருந்து ஏராளமான ஆசிரியர்களை வரவழைத்தார். அவர்களுள் கேரளத்தார் மிகப் பலர். அவர்கள் கற்பித்தது அந்நாட்டுப் பள்ளிகளில்.

இன்று நாம் கருதும் பள்ளிகள் இருவகைப்படும். முதல்வகை, அயல்நாட்டில் வாழும் இந்தியக் குடும்பங்களுக்காக எழுந்த இந்தியப் பள்ளிகள். பஹ்ரைனில் 1950-இலும், துபாயில் 1961-இலும், மஸ்கட்டில் 1975-இலும் தொடங்கப்பெற்ற பள்ளிகள் இவ்வகையின. மத்தியக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டம் இவற்றிற் பலவற்றில் நடப்பதால், நம் பி.எட். பட்டமும் நம் அனுபவமும் நேரே செல்லும். அவ்வாரியத்தில் தமிழும் ஒரு பாடமாதலின், தமிழாசிரியர் வேண்டுமென்று கேட்கும் பள்ளிகளும் உண்டு. ஊதியம் மிதமானது. ஆயினும் முதன்முறை செல்வோர்க்கு ஏற்ற வாயில் இதுவே என்பது எங்கள் கருத்து.

இரண்டாம் வகை, பல நாட்டுப் பிள்ளைகளும் பயிலும் பன்னாட்டுப் பள்ளிகள். 1924-இல் ஜெனீவாவில் எழுந்த பன்னாட்டுப் பள்ளியை இவற்றின் முன்னோடி எனலாம். 1968-இல் அதே நகரில் ஐ.பி. என்னும் பாடத்திட்டம் நிறுவனமாக உருப்பெற்றது. 1901-இல் தொடங்கிய கொடைக்கானல் பள்ளி 1976-இல் அதனை ஏற்றது. இங்கிலாந்து, அமெரிக்கப் பாடத்திட்டங்களில் நடக்கும் பள்ளிகளும் இவ்வகையிற் சேரும். இங்கு ஊதியம் மிகுதி, எதிர்பார்ப்பும் மிகுதி.

ஒரு கசப்பையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இவ்வகைப் பள்ளிகள் சிலவற்றில், ஆசிரியரின் அறிவைக் காட்டிலும் பாஸ்போர்ட்டின் நிறம் முதலில் பார்க்கப்படுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் மட்டும் விண்ணப்பிக்க என்று எழுதுவோரும் உளர். நாங்கள் அனுப்பிய விண்ணப்பங்களுள் பல மறுமொழியின்றி மறைந்தன. அதற்காக நம்மை நாமே தாழ்த்திக்கொள்ள வேண்டியதில்லை. 2023 பிப்ரவரி முதல், இந்தியா உள்ளிட்ட ஒன்பது நாடுகளில் ஆசிரியப் பயிற்சி பெற்றோர், இங்கிலாந்தின் தகுதி பெற்ற ஆசிரியர் என்னும் நிலைக்கு அங்குச் செல்லாமலே விண்ணப்பிக்க வழி பிறந்தது. நம் நாட்டவர்க்கு அது கணிதம், அறிவியல், மொழிகள் ஆகியவற்றைக் கற்பிப்போருக்கு உரியது. பட்டமும் பயிற்சியும் ஓராண்டு அனுபவமும் வேண்டும். பூட்டிய கதவில் ஒரு சாளரமாவது திறந்திருக்கிறது.

பெங்களூரே பாலம்

ஊர் திரும்பிய பின்னர் நாங்கள் செய்தது ஒன்றே. மீண்டும் இரயிலேறினோம். பெங்களூரில் ஐ.பி. முறையில் நடக்கும் ஒரு பள்ளியில் ஒருவரும், கேம்பிரிட்ஜ் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் மற்றவருமாக ஆறு ஆண்டுகள் உழைத்தோம். பள்ளி அளித்த பயிற்சிகள் ஒன்றையும் விடவில்லை. அயல்நாட்டுப் பள்ளி கேட்கும் முதற் கேள்வி, ‘இந்தப் பாடத்திட்டத்தை எத்தனை ஆண்டு கற்பித்தீர்?’ என்பதே. அதற்கு விடை நம் இரயில் பாதையின் மறுமுனையில் இருக்கிறது; விமானத்தின் மறுமுனையில் அன்று.

காலம் அறிந்து விண்ணப்பித்தலும் வேண்டும். ஆகஸ்டு, செப்டம்பரில் பள்ளியாண்டு தொடங்கும் பன்னாட்டுப் பள்ளிகள் முந்தைய நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலும் பெரும்பாலான இடங்களை நிரப்பிவிடும். ஏப்ரலில் தொடங்கும் இந்தியப் பள்ளிகள் டிசம்பர் முதல் ஆள் தேடும். மே மாதத்தில் ‘உடனே வேண்டும்’ என்று வரும் அழைப்பை இருமுறை ஆராய்க. விண்ணப்பத்தைப் பள்ளியின் சொந்தத் தளத்திற்கே அனுப்புக. கணவன் மனைவி இருவரும் ஆசிரியராயின் அதனை முதல் வரியிலேயே எழுதுக. ஒரு வீட்டில் இரண்டு ஆசிரியரை வைக்கப் பள்ளிகள் விரும்பும்.

சான்றிதழ்களை முன்னரே ஒழுங்கு செய்க. பட்டத்திற்கு அரசு முத்திரை பெறுதற்கே பல வாரம் செல்லும். ஹேக் உடன்படிக்கை 2005-இல் இந்தியாவுக்கு நடைமுறைக்கு வந்தமையால், அதில் சேர்ந்த பிற நாடுகளுட் பெரும்பாலானவற்றிற்கு அப்போஸ்டில் என்னும் ஒரு முத்திரை போதும். சேராத நாடுகளுக்குத் தூதரக முத்திரையும் வேண்டும். போலீஸ் நற்சான்றும், கடைசியாகப் பணிபுரிந்த பள்ளித் தலைமையாசிரியரின் கருத்தும் கட்டாயம் கேட்பார்கள். 2014-இல் பன்னாட்டுப் பள்ளி அமைப்புகள் குழந்தைப் பாதுகாப்புக்கென ஒரு பணிக்குழு அமைத்த பின்னர் இச்சோதனை கடுமையாயிற்று. இதனை வரவேற்க வேண்டும். எந்தச் சான்றும் கேளாமல் வேலை தரும் பள்ளி, பிள்ளைகளையும் பொருட்படுத்தாது, உங்களையும் பொருட்படுத்தாது.

ஒரு மாதிரிப் பாடம்

2011 தொடக்கத்தில் ஓர் அயல்நாட்டுப் பள்ளியின் முதல்வர் பெங்களூர் வந்து எங்களைப் பேட்டி கண்டார். எங்களுள் இயற்பியல் ஆசிரியையிடம், அங்கிருந்த ஒரு வகுப்பிற்கு இருபது நிமிடம் பாடம் நடத்தச் சொன்னார். எழுதி மனப்பாடம் செய்த பாடம் அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. நினைவில் நின்றது தந்தையார் சொன்ன சுரங்கம் ஒன்றே.

‘என் தந்தை பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இறங்கி வேலை செய்தார். மேலே 26 பாகை வெப்பம். 3.2 கிலோமீட்டர் ஆழத்தில் பாறையைத் தொட்டால் 66 பாகை. ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு ஏறுகிறது?’ என்று வினவினார். பிள்ளைகள் பன்னிரண்டரை என்று கணக்கிட்டனர். பாடநூலைப் புரட்டிய ஒரு சிறுவன், ‘நூலில் 25 முதல் 30 வரை என்றிருக்கிறதே! உங்கள் தந்தை சொன்னது தவறோ?’ என்றான். ‘தவறில்லை என்றால் வேறு என்ன காரணம் இருக்கலாம்?’ என்று அவர் கேட்க, வகுப்பு முழுவதும் பேசத் தொடங்கியது. கோலாரின் பாறை 250 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது, நெடுங்காலமாக ஆறிக் குளிர்ந்த நிலம் என்ற விடையை அவர்களே நெருங்கிவந்தபோது மணி அடித்தது.

வேலை கிடைத்தது. பின்னொரு நாள் அந்த முதல்வர் சொன்னார்: ‘நீங்கள் சொன்ன விடைக்காக உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை, சிறுவன் உங்களை மறுத்தபோது நீங்கள் மகிழ்ந்தீர்களே, அதற்காக.’ பன்னாட்டுப் பள்ளி எதிர்பார்க்கும் ஆசிரியர் இவரே. இளந்தோழர்களே! தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஆங்கிலமும் ஒரே தெருவில் கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். தங்கவயலில் பிறந்ததை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

இனி, அந்தக் காகிதம். முதலில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பார்க்க. மொத்தத் தொகை பெரிதாகவும் அடிப்படை சிறிதாகவும் இருந்தால் பின்னால் இழப்பு. சான்றாக, ஐக்கிய அரபு அமீரகத்தில் பணி முடிவில் தரும் தொகை, முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றிற்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்றே கணக்கிடப்படும். வீட்டுப்படியும் பயணப்படியும் அதில் சேரா.

இரண்டாவது, சம்பளம் பன்னிரண்டு மாதத்திற்கா, பத்து மாதத்திற்கா? கோடை விடுமுறையில் வெறுங்கையாய் நின்ற ஆசிரியர்களைக் கண்டிருக்கிறோம். மூன்றாவது, வீடு, விமானச் சீட்டு, மருத்துவக் காப்பு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஆகியவை எழுத்தில் உள்ளனவா? வாய்ச்சொல் கணக்கில் வராது. நான்காவது, இடையில் விலக நேர்ந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, எவ்வளவு பிடித்தம்? ஐந்தாவது, இங்குக் கையொப்பமிட்ட கடிதமும் அங்குப் பதிவாகும் ஒப்பந்தமும் ஒன்றுதானா?

பணத்தைப்பற்றி ஒரு சொல். அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம், ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்கிறது. நல்ல பள்ளிகள் விசாச் செலவைத் தாமே ஏற்கின்றன. உங்களை வேண்டுகின்ற பள்ளி உங்களிடம் பணம் கேளாது. பாஸ்போர்ட்டையும் எவரிடமும் விட்டுவைக்காதீர்கள். 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது நடுவண் அரசின் உடைமை; அதனைப் பிடித்துவைக்க எந்த முதலாளிக்கும் உரிமையில்லை.

சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள்

சென்ற மாதம் ஒரு தாய், மகளுக்கு வந்த நியமனக் கடிதத்துடன் எங்கள் வீட்டிற்கு வந்தார். மூன்று இலட்சம் ரூபாய் இரண்டு நாளில் கட்டவேண்டும் என்றார். நகைகள் ஏற்கெனவே முடிச்சில் இருந்தன. கடிதத்தில் பள்ளியின் பெயர் பெரிதாக இருந்தது. எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்பது இல்லை. அப்பள்ளியின் சொந்த முகவரியைத் தேடி எழுதினோம். ‘இக்கடிதம் எம்முடையதன்று’ என்று மறுநாளே விடை வந்தது. அந்தத் தாய் முடிச்சை எடுத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றார். மகள் அழுதாள், பணத்திற்காக அன்று, போன கனவிற்காக. அவளுக்கு இவ்வாண்டு பெங்களூரில் நல்ல பள்ளி ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. அவள் பாலத்தில் ஏறிவிட்டாள்.

எல்லோரும் கடல் கடந்தால் இங்குக் கற்பிப்பவர் யார் என்று பெரியவர் ஒருவர் எங்களைக் கேட்டார். நியாயமான கேள்வி. இவ்வூர் கல்வியைப் பிறர் கொடுக்கக் காத்திருந்த ஊரன்று. 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழை, அவர் மறைந்த பின்னர் 1926-இல் அப்பாதுரையார் இந்தத் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளியிட்டார். சுரங்கத் தொழிலாளர் ஊரில் ஓர் இதழ் நடந்தது என்றால், படிக்க ஒருவரும் படிப்பதைக் கேட்கப் பலரும் இருந்தனர் என்பதே பொருள். சென்றவர் திரும்பலாம், திரும்புவோர் தாம் கற்றதை இங்கு வைக்கலாம். ஆனால் இங்கு ஐந்நூறும் ஆயிரமும் குறைத்துக் கொடுத்து ஆசிரியையை நடத்திக்கொண்டே, அவள் போகலாகாது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

ஆதலின் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, இந்தச் சங்கக் கட்டடத்தில் ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் போடுங்கள். நாங்கள் இருவரும் வந்து அமர்கிறோம். நியமனக் கடிதம் வந்தவர் எவராயினும், எந்த மொழியினராயினும், பணம் கட்டுமுன் அதனைக் கொண்டுவரட்டும். சேர்ந்து படிப்போம். சட்டம் தெரிந்த நம் இளைஞர் ஒருவரும் உடனிருந்தால் நன்று.

தாத்தன்மார் கைரேகை வைக்க மறுத்து நின்ற ஊர் இது. இன்று விசா அலுவலகத்தில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பத்து விரலும் பதித்துவிட்டுத்தான் செல்கிறார்கள். உலக நடைமுறை மாறியிருக்கிறது. அந்த மானம் மாறவேண்டியதில்லை. விரலைப் பதிக்குமுன்னும் கையொப்பம் இடுமுன்னும், அந்தக் காகிதத்தை ஒருமுறை முழுவதும் படியுங்கள். தந்தையார் எங்களிடம் கேட்ட கேள்வியை உங்கள் வீட்டில் எந்தத் தந்தையும் கேட்க நேராதிருக்கட்டும்.